ஒரு சத்தமும் நான் கட்டிய கதையும்

15-6-2007

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா எழுதுவது. இருக்கன்குடி ஆத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி பானுப்பிரியாவும் நல்ல சுகம், நீயும் அந்தத் துபாய் வெயிலில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நீ அழுதது எனக்குத் தாங்கவில்லை ராசா. டிவியில் சிவகாசிப் பக்கம் விபத்து என்று போட்டாலே சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, அப்பாவை வேலையை விடச் சொல் என்கிறாய். அவர் நாம் சொல்லிக் கேட்கிற ஆளா? அதனால் எனக்கு நடந்த கூத்தைச் சொல்கிறேன், கேள்.

செவ்வாய்க்கிழமை பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கம்பெனி இருக்கிற அச்சங்குளம் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம், பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அப்பா செல்லுக்கு அடித்தேன், மணி போகிறது, எடுக்கவில்லை. பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனிடம் செல்லைக் கொடுத்துவிட்டுத்தான் வெடிமருந்து அடைக்கப் போவார், தினமும் உள்ள சங்கதிதான், அந்த நேரம் புத்திக்கு எட்டவில்லை. அடுப்பை அணைத்தேனோ இல்லையோ, ரோட்டில் ஓடுகிறேன். ஓட ஓட மனசு என்னென்னவோ காட்டுகிறது. அவரை மதுரை ஆஸ்பத்திரியில் வெந்த உடம்போடு வாழை இலையில் கிடத்திவிட்டேன், உன்னை விமானத்தில் வரவழைத்துக் கொள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன், பானு கல்யாணத்தையும் நிறுத்திவிட்டேன், பாவி நான். கண்மாய்க்கரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மூச்சு இரைக்கிறது மட்டும் கேட்கிறது. அப்போதுதான் தோன்றியது, நான் கேட்டது ஒரு சத்தம், மற்றதெல்லாம் யார் சொன்னது? சத்தம் கேட்டால் நம் ஊரில் சின்னப் பிள்ளைகூட முதலில் புகை தெரிகிறதா என்றுதான் பார்க்கும், நான் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், வானம் சுத்தமாக இருந்தது. பயம் போய்விடவில்லை, ஆனால் அதன் பிடி விட்டது. எழுந்து மெதுவாக நடந்தேன்.

கேட்டுக்குப் போனதும் வாட்ச்மேன் சொல்கிறார், வடக்கேயிருந்து வந்த வியாபாரிக்குப் பொட்டலில் புது வெடி சாம்பிள் போட்டுக் காட்டினார்களாம், அம்புட்டுத்தான். அப்பா முகமெல்லாம் அலுமினியப் பவுடரோடு கேட்டுக்கு வந்து, "என்ன புள்ள, சோறு கொண்டாந்தியாக்கும்? நாந்தான் காலையிலேயே எடுத்துட்டு வந்துட்டேன்ல" என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த வேலையில் ஆபத்து இல்லையென்று சொல்லமாட்டேன், உள்ளதே போதும், நாம் வேறு சேர்த்துக் கட்ட வேண்டாம். இனி டிவியில் பார்த்தால் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று முழுசாகக் கேள், எனக்குப் போன் போடு, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்று நடுவில் குழி பண்ணி ரசம் விட்டுக்கொள்கிறார், அப்பளத்தைக் கடைசி வாய்க்கென்று ஓரமாக எடுத்து வைக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இவர் நல்லபடியாக வரவேண்டுமே என்று வாசலைத்தான் பார்த்திருக்கிறேன், வந்த மனுஷனைப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆத்தாளுக்குக் கோடி கும்பிடு.

நீ நோய் நொடியில்லாமல் நல்லா இருக்கணும் சாமி. வெள்ளிக்கிழமை லீவில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மாடத்தி