கோ டு வேண்டாம் என்றவள்

ஆமாம், அவரேதான். அதே வாயால்தான்.

சாக்பீஸ் தூளின் வாசனை இன்னும் என் புடவையில் இருக்கிறது. பயிற்சிக்குப் பம்பாய் போய்வந்த நம் மேலாளர் இன்று எங்களை உட்காரவைத்துக் கரும்பலகையில் எழுதினார்: கோ டு தவிர்க்க. கம்ப்யூட்டரை ஒரு வரியிலிருந்து வேறெங்கோ தாவவைக்கும் அந்தக் கட்டளை புரோகிராமைச் சிக்கலாக்குகிறதாம். வெளிநாட்டில் பெரிய விவாதமாம். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அம்பத்தூர்த் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே நாளில் புரோகிராம் எழுதச் சேர்ந்தோம். கணிதம் படித்த இரண்டு பெண்கள். எனக்குக் கோ டு பிடிக்கும். சுருக்கம், வேகம். சாப்பாட்டு வேளையெல்லாம் அந்தச் சண்டைதான்.

"நீ பாட்டுக்குத் தாவிட்டுப் போயிடுவ. அடுத்து படிக்கிறவ எங்கடீ போய்த் தேடுவா?" என்பாய்.

ஸ்டோர்ஸ் இருப்புக் கணக்கை ஒரு கோ டுகூட இல்லாமல் எழுதினாய். அது தேறினால் வேலை நிரந்தரம். சரியாகவே ஓடியது. கொஞ்சம் மெதுவாக. மேலாளர் உன் புரோகிராமைத் துளையிட்டிருந்த அட்டைக் கட்டை உன் மேசைமேல் தள்ளினார்.

"மெஷின் நேரம் உங்க அப்பா வீட்டுச் சொத்தாம்மா?"

உன்னை அட்டை துளையிடும் அறைக்கு மாற்றினார்கள். அங்கிருந்த பெண் சொன்னாள்: "இன்னாக்கா, கோ டு வாணான்னியாமே? உன்னியே கோ டு போட்டு இங்க அனுப்சிட்டாங்க!" நீதான் முதலில் சிரித்தாய்.

பிறகு நாள் முழுக்க மற்றவர்களின் கோ டுகளைத் துளையிட்டாய். என்னுடையவற்றையும்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. ஆவடி பக்கத்தில் உன் முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து மலர்மாலை வந்தது. அவர் வரவில்லை.

இன்று எழுந்து சொன்னேன். "சார், இப்படி ஒரு புரோகிராம் இங்கயே எழுதினாங்க. நீங்கதான் வேணாம்னீங்க."

"அது அப்போம்மா," என்றார். "ஸ்டோர்ஸ் கணக்கைப் புது முறையில நீங்களே எழுதிடுங்க."

எனக்கு இன்றும் கோ டு பிடிக்கும். அது நமக்குள் முடியாத சண்டை. அதில் தீர்ப்புச் சொல்ல இவர் யார்?

உன் புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. குறை கண்டுபிடிக்கவென்றே அத்தனை முறை படித்திருக்கிறேன். வரி வரியாக எனக்குள் இருக்கிறது. உன் குரல்கூட அவ்வளவு தெளிவாக இல்லை.

எந்தப் புரோகிராமிலும் தொடக்கத்தில், எழுதியவர் யார் என்பதற்கு ஓர் அட்டை உண்டு. துளையிடும் அறைக்குப் போய் அதில் உன் பெயரை அடித்தேன். அந்த அட்டையை அவர் மேசையில் வைத்துவிட்டு ஆவடி ரயிலைப் பிடித்தேன்.