கரண்டு இல்லாத நாட்களின் சண்டை

வைகாசி 9, வெள்ளி.

கோதுமை அரைக்கத் திருநகர் மாவு மில்லுக்குப் போயிருந்தேன். மில்காரர் பாண்டி அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "டீச்சர், சின்னவளுக்கு வேலை கெடைச்சிருக்கு. அந்தக் கடற்கரை அணு உலையில."

ஜப்பானில் சுனாமி வந்து உலை வெடித்த பிறகு, அந்தக் கடற்கரையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களோடு நானும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அப்போது இங்கே பாதி நாள் கரண்டு இருக்காது. "உலைய மூடச் சொல்லிட்டு மாவு கேட்டு வாறீங்களா?" என்று பாண்டி அண்ணன் சத்தம் போடுவார். ஆனாலும் கரண்டு வந்ததும் என் டப்பாவைத்தான் முதலில் எடுப்பார்.

ராத்திரி புழுக்கத்தில் தெருவே வெளியே உட்கார்ந்திருக்கும். கையில் விசிறியோடு நாங்கள் இருவரும் சண்டை போடுவோம். "ஒண்ணும் ஆகாது டீச்சர்" என்பார். "ஜப்பான்லயும் அப்படித்தான சொன்னாங்க?" என்பேன். இன்னும் கொஞ்ச நேரம் கரண்டு வராமல் இருக்கட்டும் என்றிருக்கும். இப்போது கரண்டும் போவதில்லை, என்னோடு யாரும் சண்டைக்கும் வருவதில்லை.

இன்று அவர் மெதுவாகக் கேட்டார். "பிள்ளைய அனுப்பலாமா டீச்சர்?"

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஜப்பான்லயும் அப்படித்தான சொன்னாங்க?"

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.