பத்து லட்சத்து ஒன்று உடைந்தது

யூலை 9, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கண்ணெல்லாம் உப்பு. பாலாவி உப்பளத்தில் இன்று மூன்று லொறி. வழக்கம்போல நூறு மூட்டைக்கு ஒன்று மேலதிகம், வழியில் நீர் இறங்கிக் குறையும் என்பதற்காக. நூற்றொன்று, இருநூற்றிரண்டு, முந்நூற்று மூன்று. பதினொரு வருடமாக என் வாயில் இதே வாய்ப்பாடு.

பின்னேரம் கூடப்பிறந்த ராத்தா வீடு. அவள் கணவர், மச்சான், தன் பாடசாலைக் கண்காட்சிக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தார். கணித ஆசிரியர் அல்லவா, எழுத்தெல்லாம் முழங்கை நீளம்: "1,000,001 ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாது." நூறுக்கு உட்பட்ட பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தாராம்.

"நூறோட நிப்பாட்டினா போதுமா மச்சான்?"

"எட்டாம் வகுப்போட நிப்பாட்டின நீயா கேக்கிற?"

ராத்தாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது எனக்கு எட்டாம் வகுப்பு. நானாக நிப்பாட்டவில்லை.

யூலை 10, செவ்வாய்

வாங்க: பாண், மண்ணெண்ணெய், கோழித் தீவனம். மகளின் சப்பாத்து தைக்கக் கொடுக்க.

மத்தியானம் லொறி இல்லை. அந்த எண் மண்டையைக் குடைந்தது. மூட்டையாக நினைத்துப் பார்த்தேன். 9,900 தடவை நூறு ஏற்றினால், மேலதிகத்தோடு 999,900. மீதி?

நூற்றொன்று!

இன்னொரு நூறும் அதற்குரிய ஒன்றும். ஒரு மூட்டையும் மிஞ்சவில்லை. 101 × 9,901. யா அல்லாஹ்! மச்சான் நிப்பாட்டியது 97இல். அதற்கு அடுத்த பகா எண்ணே 101. மனிசன் வாசற்படி வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

மூன்று தடவை பெருக்கினேன். சரியோ சரி. மூட்டை சுமக்கும் நாகூர் நானா கேட்டார், "என்ன புள்ள, தனியச் சிரிக்கிற?"

யூலை 11, புதன்

வெயில். சொல்வதா விடுவதா என்று காலை முழுதும். சொன்னால் மச்சானின் முகம் வாடும். சொல்லாவிட்டால் நாளை ஊர் முன்னால் பிழையான அட்டை. உள்ளதைச் சொன்னால், சொல்லத்தான் ஆசை. ராத்தா இருக்கும்போதே.

பின்னேரம் ராத்தா முன்னாலேயே சொன்னேன். மச்சான் பேனையை எடுத்தார். பெருக்கினார். மறுபடி பெருக்கினார். காதெல்லாம் சிவப்பு.

"அப்ப 9,901? அதையும் உடைச்சிட்டியா?"

"அது உடையாது மச்சான். 97 வரைக்கும் எல்லாத்தாலயும் பார்த்திட்டன். நூறை நூறால பெருக்கினா பத்தாயிரம். அதுக்கு உள்ளுக்க இருக்கிற எண்ணுக்குத்தான் நூறோட நிப்பாட்டலாம். உங்கட எண்ணுக்கு ஆயிரம் வரைக்கும் போயிருக்கணும்."

ராத்தா இந்த முறை சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றினாள். முதல் கோப்பை எனக்கு.

யூலை 12, வியாழன்

லீவு. நல்ல சாரி. கண்காட்சியில் புதிய அட்டை: 1,000,001 = 101 × 9,901. கண்டுபிடித்தவர் என்று போட்டு என் முழுப்பெயர், மச்சானின் கையெழுத்தில். பெருமை தாங்க முடியவில்லை. தள்ளி நின்றும் வாசித்தேன், கிட்டப் போயும் வாசித்தேன்.

அதிபர் வந்து வாசித்தார். "இவங்க எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்?"

மச்சான் வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்: "உப்பளத்தில மூட்டை எண்ணுறன் சேர்."