பெயரும் தேதியும் இல்லாத மூன்று கோப்புகள்

உன் ஹார்ட் டிஸ்க் என் மேசைமேல் வெள்ளி நிறப் பையில் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டினால் பல்லிபோல் சத்தமிடுகிறது. நான்கு முறை, சிறிது அமைதி, மறுபடி நான்கு முறை. பல்லி சொன்னால் பலன் பார்க்கப் பஞ்சாங்கம் இருக்கிறது. இதற்கு எஸ்.பி. ரோட்டில் டிஸ்க் ரிப்பேர் செய்யும் ஒரு கடைக்காரரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

உன் மனைவிதான் கொண்டுவந்து கொடுத்தார். அல்சூரிலிருந்து மெட்ரோவில் இரண்டு இடத்தில் மாறி எலெக்ட்ரானிக் சிட்டி வரை வந்தார். டிஸ்க்கைத் துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்திருந்தார். "அண்ணா, கடைசி நாள்ல எல்லாம் இதுலதான் என்னமோ டைப் பண்ணிட்டே இருந்தாரு. நான் கிட்ட போனா மூடிடுவாரு. என்ன எழுதினாருன்னு எனக்குத் தெரியணும். நல்லதோ கெட்டதோ, அப்படியே படிச்சுக் காட்டுங்க" என்றார்.

எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. என்னுடைய காரணம் வேறு. அதை அவரிடம் சொல்லவில்லை.

உனக்கும் எனக்கும் எட்டு மாதம் பேச்சு இல்லாமல் இருந்தது. தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் மேடைப் பேச்சாளர்களைப் பற்றி நான் ஒரு கிண்டல் கட்டுரை எழுதியிருந்தேன். பேசும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் அதைத் திரும்பியும் பாராத ஒருவர் அதில் வருவார். பெயரைக் குறிப்பிடவில்லை என்பதை என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். சங்கத்தில் கடிகாரத்தைக் கழற்றுகிறவன் நீ ஒருவன்தான்.

பிறகு உனக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், நீயாகவே கூப்பிட்டாய். "ஞாயித்துக்கெழம வாடா. மீன் கொழம்பு வெக்கச் சொல்லியிருக்கேன். எனக்குத்தான் உப்பு கூடாது. நீ துன்னு, நான் பாக்கறேன்." வருகிறேன் என்றேன். ஞாயிறு மத்தியானம் மறுபடி கூப்பிட்டாய். "எங்கடா கீற?" "பொம்மனஹள்ளி சிக்னல்ல. ஒரு மணி நேரமா வண்டி நகரல" என்றேன். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் கிளம்பவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கோபமாக இருக்க வேண்டியவன் நீ. நான் எதற்காக முறுக்கிக்கொண்டேன்? அப்போது இந்த வழியில் மெட்ரோ ஓடவில்லை. டிராஃபிக் என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. நீயும் செய்யவில்லை. "சரிடா, திரும்பிப் போயிடு. வெயில்ல நிக்காத" என்றாய். மூன்றாவது வாரம் நீ இல்லை. நான் சொன்னதை நம்பினாயா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் டிஸ்க்கைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "எத்தன தடவ ஆன் பண்ணிப் பாத்தீங்க சார்?"

"ரெண்டு தடவை."

"எல்லாரும் ரெண்டுன்னுதான் சொல்றாங்க. நிஜ ஹேளி சார், உண்மயச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவயும் உள்ள கீறிட்டே போகும்."

"பதினஞ்சு இருக்கும்."

அவர் ஆச்சரியப்படவில்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "ஃபைல் எல்லா பந்துபிட்டிதே சார், வந்திடுச்சு. ஆனா பேரு, தேதி எதுவும் வரல, வெறும் நம்பர்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனக்காதீங்க. உங்க ஃப்ரெண்டுக்குக் கடைசில மனசு சரியா இருந்திச்சா?"

திறந்து பார்த்தேன். அவர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், சதுர அடைப்புகள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நாம் இருவரும் ஆறு வருடம் அல்சூரில் அந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள். வாடிக்கையாளர் கோப்பை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடக் கூடாது என்று முதலாளி சொல்ல, நீ தமிழ் எழுத்துருவுக்குள் புகுந்து எழுத்துகளை இடம் மாற்றி வைத்தாய். நம் கடையில் மணமகனாக இருப்பவர் அடுத்த கடையில் திறந்தால் என்னவாகவோ ஆகிவிடுவார். அச்சகம் மூடியது. உலகமே யூனிகோடுக்கு மாறியது. நீ மாறவில்லை. "கை பழகிடுச்சு, வுடு" என்பாய். கடைசிவரை அந்த எழுத்துருவிலேயே அடித்திருக்கிறாய். டிஸ்க்கிலிருந்து கோப்புகள் மீண்டன. அந்த எழுத்துரு மட்டும் மீளவில்லை.

இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டுப் பார்த்தேன். தமிழ் போன்ற ஒன்று வந்தது. சில வரிகள் சங்கத்து வரவேற்புரையைவிடத் தெளிவாகவே இருந்தன, ஆனால் உன்னுடையவை இல்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. திரையில் தெரியும் ஒவ்வொரு குறியும் நீ தட்டிய ஒரு விசை. அதே விசைகளை நானும் தட்டினேன். அது என்ன எழுத்து என்று யோசித்தால் வரவில்லை. யோசிக்காமல் தட்டினால், ஆறு வருடப் பழக்கத்தில் வலது கை நடுவிரல் ககரம் என்றது, மோதிர விரல் துணைக்கால் போட்டது. விரல் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். நான்கு நாள் ஆயிற்று.

பழைய பத்திரிகைகளைக் கழித்தால் மூன்று கோப்புகள் மிஞ்சின. மூன்றும் நான் வராத அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

ஒன்றில் நான் நிஜமாகவே சிக்னலில் நிற்கிறேன். வெயிலில் என் தலை வலிக்குமே என்று நீ கவலைப்படுகிறாய். இன்னொன்றில் நீ கூப்பிடவே இல்லை. நான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்கிறேன். நீ காது கேட்காதவன்போல் குழம்பை ஊற்றுகிறாய். மற்றொன்று நான்கே வரி. "சிக்னலில் நிற்பதாகச் சொன்னான். பின்னால் குக்கர் மூன்று விசில் விட்டது. சிக்னலில் யாரும் சாம்பார் வைப்பதில்லை. திரும்பிப் போகச் சொன்னேன்."

அந்த விசில் என் காதில் விழவே இல்லை. நாற்பது கட்டுரை எழுதியும் இவ்வளவு சுருக்கமாக நான் யாரையும் கிண்டல் செய்ததில்லை.

போன சனிக்கிழமை காலை உன் வீட்டில் மூன்றையும் படித்துக் காட்டினேன். நான்கு வரியை நடுவில் வைத்தேன். நடுவில் வைத்தால் வலி குறையும் என்று ஏன் நினைத்தேனோ. உன் மனைவி முகம் மாறவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு அண்ணா. ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு."

நான் நோட்டை மூடினேன்.

"நான்தான் திட்டினேன். இப்படியுமா ஒரு மனுசன்னு. அவரு 'சும்மா இரு, அவனுக்கு வெக்கமா இருக்கும்'னாரு. குழம்ப எடுத்து மூடி வெக்கச் சொன்னாரு." பிறகு அவரே கேட்டார். "அப்போ மத்த ரெண்டையும் எதுக்கு எழுதினாரு? இதுல எது அண்ணா கடைசி?"

தேதி போய்விட்டது என்று சொன்னேன். அது அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. எனக்கு எல்லாமே அதுதான். நான்கு வரியை முதலில் எழுதியிருந்தால், நீ என் பொய்யிலிருந்து தொடங்கி, என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டியேற்றி உன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய். அதுவே கடைசி என்றால், இரண்டு முறை எனக்காகச் சாக்குச் சொல்லிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாய். கோப்புகள் அதே மூன்றுதான். வரிசை மாறினால் நீ வேறு ஆள், நானும் வேறு ஆள். கேட்டுத் தெரிந்துகொள்ள நீ ஒருவன்தான் இருந்தாய்.

உன் மனைவி மூன்றையும் பென் டிரைவில் கேட்டிருக்கிறார். யூனிகோடில் அடித்து வைத்தேன். கம்ப்யூட்டர் மூன்றுக்கும் இந்த வாரத் தேதியைப் போட்டிருக்கிறது. எதைக் கடைசியாகத் திறந்து சேமிக்கிறேனோ அதைக் கடைசி என்கிறது. சில நாள் மீன் குழம்புக் கோப்பைத் திறந்து சேமித்தேன். இன்று காலை நான்கு வரியைத் திறந்து, ஒரு இடைவெளி தட்டி, அதை அழித்து, சேமித்தேன். நாளைக்கு எதைத் திறப்பேன் என்று தெரியவில்லை.