எக்ஸ் பக்கம் ஒட்டிய பிளாஸ்திரி

இன்று காலை கேமராவில் ஒட்டியிருந்த பழைய பிளாஸ்திரியை உரித்தேன். ஓரமெல்லாம் கறுத்து, பசை இளகி, விரலில் பிசுபிசுத்தது. புதிதாக ஒரு துண்டு வெட்டி ஒட்டும்போது அந்த ஆஸ்பத்திரி வாடை வந்தது. கூடவே நீயும் வந்தாய். செத்துப் போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். உனக்கு அதை எழுத வேறு ஆள் பார்த்துக்கொள்.

ஆம்பூர் பஜாரில் பாய் வைத்திருந்த ஸ்டுடியோவில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் "தோஸ்த்" தான். என் டிபன் டப்பாவில் பாதி உன் வயிற்றுக்குள் போகும். நானும் பெருமையாக மூடியில் வைத்துக் கொடுப்பேன். வெட்கங்கெட்டவன் நான்.

அந்தக் காலத்தில் என்னிடம் சொந்தமாக இருந்த ஒரே பொருள் இந்தக் கேமராதான். லென்ஸுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு லீவர் உண்டு. ஒரு பக்கம் எம், ஒரு பக்கம் எக்ஸ். எம் என்பது பழைய பல்பு ஃப்ளாஷுக்கு. பல்பு பற்றி எரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால், முதலில் பல்புக்கு மின்சாரம் போகும், அப்புறம்தான் ஷட்டர் திறக்கும். தோளில் மாட்டிக்கொண்டு போகிற பேட்டரி ஃப்ளாஷ் அப்படியல்ல, கண் இமைப்பதற்குள் அடித்து முடித்துவிடும். அதற்கு எக்ஸ். லீவர் தப்பித்தவறி எம் பக்கம் போய்விட்டால் ஃப்ளாஷ் பளிச்சென்று அடிக்கும், எதிரே நிற்பவர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் ஷட்டர் திறக்கும்போது வெளிச்சம் போயிருக்கும். ஃபிலிமைக் கழுவிப் பார்க்கிறவரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அக்காவிடம் பிளாஸ்திரி வாங்கி, லீவரை எக்ஸில் வைத்து மேலே ஒட்டிவிட்டேன். அது எதற்கென்று எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவசரநிலை முடிந்த மறு வருடம் ஏலகிரிக்குப் போனோமே, அந்த நாளைச் சொல்கிறேன். ஒரு ஷூ கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பப் படங்கள் கேட்டிருந்தது. படம் நன்றாக வந்தால் எடுத்தவனுக்குக் கம்பெனியிலேயே நிரந்தர வேலை. பாய் என்னை எடுக்கச் சொன்னார், உன்னை ஃப்ளாஷ் தூக்கச் சொன்னார். நீ சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினாய். மலையேறும்போது வேன் சூடாகி ஒரு வளைவில் நின்றது. டிரைவரோடு தண்ணீர் தேடிப் போனேன். கேமராப் பையை உன் மடியில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

ஏரிக்கரையில் கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு, சாயங்கால வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். முன்னால் நிழல். அந்த நிழலைப் போக்கத்தான் ஃப்ளாஷ். நீ ஒவ்வொரு முறையும் "ரெடி தோஸ்த்" என்றாய். ஃப்ளாஷ் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மேனேஜர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

கழுவி பிரிண்ட் போட்டபோது எல்லாம் கரிக்கட்டை. முகமும் இல்லை, ஷூவும் இல்லை, பின்னால் ஏரி மட்டும் தகதகவென்று இருந்தது. கேமராவைப் பார்த்தேன். பிளாஸ்திரி இருந்தது. நான் வெட்டிய அதே துண்டு. ஓரம் மட்டும் சுருங்கியிருந்தது, அடியில் லீவர் எம் பக்கம் இருந்தது. பாயிடம் ஓடிக் காட்டினேன்.

"இன்னாடா கதை உடற? பிளாஸ்திரி மேல பழி போடுறியா?" என்றார் பாய்.

நீ லென்ஸ் துடைத்துக்கொண்டே, "லீவர் தானா நவுந்திருக்கும் தோஸ்த். பேஜார் ஆவாத" என்றாய்.

லீவர் தானாக நகரும், சரி. பிளாஸ்திரி தானாக உரிந்து, லீவர் நகர வழிவிட்டு, மறுபடி தானாக ஒட்டிக்கொள்ளுமா? நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாய் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். மறு வாரம் நீ போய் எடுத்தாய், உனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது 'இருட்டு போட்டோக்காரன்' என்ற பெயர். வாணியம்பாடியில் கடை போட்ட பிறகும், பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்கள்கூட, "முகம் தெரியுமாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்கும்போதெல்லாம் உன்னைச் சபித்தேன். வாய்விட்டே சபித்தேன்.

அப்புறம் உன் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் என் வாடிக்கைக்காரர்கள் என்பதால் அழைப்பு வந்தது. வழக்கம்போல் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். சர்ச் வாசலில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, மணமக்கள் படியில் நிற்கிறார்கள், நீ வேலூரிலிருந்து வரவழைத்த போட்டோக்காரரின் ஃப்ளாஷ் அடிக்கவில்லை. அவர் பேட்டரியைத் தட்டுகிறார், ஃப்ளாஷை உலுக்குகிறார். கூட்டம் சலசலக்கிறது. கடைசியில் நீ என்னிடம் வந்தாய்.

"கொஞ்சம் இன்னான்னு பாரேன்."

பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, ஆக சார்ஜ் இருக்கிறது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் அடித்தது, ஆக பல்பிலும் கோளாறு இல்லை. மிச்சம் இருப்பது கேமராவுக்கு வரும் ஒயர். அதன் முனை தளர்ந்திருந்தது. பல்லால் கடித்து இறுக்கினேன், சரியாகிவிட்டது.

"என் கேமராவுலதான் எடுப்பேன்" என்றேன். வேலூர்க்காரரைப் பார்த்து, "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்று அனுப்பிவைத்தேன். ஃப்ளாஷை உன் கையில் கொடுத்தேன். "தூக்கிப் புடி. இன்னும் மேல."

நீ கோட்டும் சூட்டுமாகத் தூக்கிப் பிடித்தாய். உன் கண் என் கேமராவின் பிளாஸ்திரி மேல் இருந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி, "எக்ஸ்ல இருக்கா, பாத்துக்க" என்றாய். அவ்வளவுதான் உன் வாயிலிருந்து வந்தது. அதுதான் நீ கேட்ட மன்னிப்பு என்றால், நான் கொடுக்கவில்லை.

உன் மனைவி படியில் நின்று, "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார். நீ ஒரு அடி வைத்தாய். "அப்ப லைட்டு யாரு புடிப்பா?" என்றேன். நின்றுவிட்டாய். மாமன்மார், சித்திமார், பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் மகளோடு நின்றார்கள். ஒவ்வொரு முறையும் உன் மனைவி கூப்பிட்டார், ஒவ்வொரு முறையும் நான் அதையே கேட்டேன், பிறகு அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். கடைசிப் படத்தில் மட்டும் கேமராவை வேண்டுமென்றே கொஞ்சம் திருப்பி, ஓரத்தில் உன் கை மட்டும் விழும்படி எடுத்தேன். முகமில்லாத கை. இருட்டு போட்டோக்காரனின் பரிசு. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் உன் மகள் கடைக்கு வந்தாள். கல்யாணத்தன்று அப்பாவோடு எடுத்த படம் ஒன்று வேண்டுமாம், வீட்டில் மாட்ட. "ஆல்பத்துல ஒண்ணுகூட இல்ல அங்கிள். நெகட்டிவ்ல பாக்குறீங்களா?" என்றாள். இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். நெகட்டிவ்களை விளக்கின் மேல் பரப்பினேன். இல்லை என்று அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் பரப்பினேன்.

அவள் கடைசிப் படத்தில் விரலை வைத்தாள். "இது அப்பா கைதானே? இதையே பெருசா போட்டுக் குடுங்க."

போட்டேன். பிரிண்ட் கழுவும் மருந்துத் தட்டில் முதலில் எழுந்தது உன் கறுப்புக் கோட்டுக் கைதான், அதற்குப் பிறகுதான் அவள் முகம். இன்று காலை வந்து வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். கேமரா என் மேஜைமேல், புதுப் பிளாஸ்திரியோடு இருந்தது. என்ன நடந்ததென்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அவ்ளோ நேரம் தூக்கிப் புடிச்சிருக்கார், கை கொஞ்சம்கூட ஆடல பாருங்க அங்கிள்" என்றாள்.

"ஆமாம்மா. ஆடாத கை" என்றேன்.

ஏலகிரி வளைவில், என் பையைத் திறந்தபோதும் அது ஆடியிருக்காது.