சந்தன்நகரிலிருந்து திரும்பி வந்தவளுக்கு

நேற்றுக் காலை தமிழ்க் கடையில் ஒரு போத்தல் உடைந்தது. கடுகெண்ணெய்ப் போத்தல். மேல்தட்டில் மாப் பொதிகளை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணையின் முழங்கை பட்டு, அது என் காலடியில் விழுந்து சிதறியது. அவர் பதறிப்போய்த் துணியோடு ஓடிவந்தார்.

"அக்கா, காலிலை வெட்டிப்போட்டுதோ? கண்ணெல்லாம் கலங்கியிருக்கு."

"எண்ணெய்க் காரம் அண்ணை. வேறையொண்டும் இல்லை."

"இதைச் சாப்பாட்டுக்கு எண்டு இஞ்சை விக்க ஏலாது. உடம்பிலை பூசிறதுக்கு எண்டுதான் போத்தலிலை எழுதிக் கிடக்கு. ஆனா வங்காள ஆக்கள் வாங்கிறது சமையலுக்குத்தான்."

எனக்கு அது தெரியாதா? உன் குசினி முழுவதும் அந்த வாசனைதானே. அடுப்பில் எண்ணெய் புகையத் தொடங்கியதும் நீ ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஜேர்மன்காரர் பூசிக்கொள்ளட்டும், நாங்கள் மீன் பொரிப்போம்" என்பாய். கீழ்வீட்டுக் கிழவர் குடை நுனியால் தன் கூரையைத் தட்டுவார். நீ குதிகாலால் திருப்பித் தட்டுவாய். நேற்று நான் எதுவும் வாங்காமல் வெளியே வந்து, பஸ் தரிப்பில் இருந்துவிட்டேன். இரண்டு பஸ்கள் வந்து போயின.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு வங்காள மொழி தெரியாது. நம் இருவருக்கும் நடுவில் இருந்தது, எசன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து பொறுக்கியெடுத்த ஜேர்மன் மட்டும்தான். படுக்கை விரிப்பைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும் அதில் நன்றாகவே பேசலாம். இப்போது எனக்குச் சொல்ல இருப்பதற்கு அது காணாது.

அந்த இல்லத்தின் இரண்டாம் மாடியில் நாம் எத்தனை காலம் ஒன்றாக வேலை செய்தோம்! நான் யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவள். நீ உன் ஊரைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவருக்கு மனைவியாக வந்தவள். அவர் வேறொருத்தியோடு ஹாம்பேர்க் போய்விட்ட பிறகு, பிள்ளைகளும் இல்லாமல், நீ வேலைக்கு வரத் தொடங்கினாய். இல்லத்தில் இருந்தவர்களுக்கு நாம் இருவரும் ஒருவர்தான். ஞாபகம் குழம்பிப்போன ஒரு பாட்டி, நான் தனியாகப் போகும்போதெல்லாம், "உன் சகோதரி எங்கே, அவளுக்குச் சுகமில்லையா?" என்று கேட்பாள். தொடக்கத்தில் நாம் திருத்திப் பார்த்தோம். பிறகு விட்டுவிட்டோம். "இந்த நாட்டில் எனக்கு உறவு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான், அவளை ஏன் திருத்துகிறாய்?" என்று நீ சொன்னாய்.

இடைவேளைகளில் நீ சந்தன்நகர் பற்றிப் பேசுவாய். கல்கத்தாவுக்கு மேலே, ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். கரையோரமாக நீண்டு கிடக்கும் நடைபாதை, தூண்கள் வைத்த மண்டபத்தோடு ஒரு படித்துறை, பூசைக் காலத்தில் தெருவையெல்லாம் நிறைக்கும் மின்விளக்கு யானைகளும் மயில்களும். கடித்தால் உள்ளிருந்து பன்னீர் வழியும் ஒரு பால் இனிப்பு. உன் அம்மாவும் அப்பாவும் இறந்தபோதுகூட நீ போகவில்லை. புருஷன் விட்டுப்போனதை ஊருக்குச் சொல்ல வெட்கம் என்றாய். அந்த வெட்கம் போன பின்னும் நீ போகவில்லை. ஒரு தங்கை மட்டும் அந்த வீட்டில் இருந்தாள். புது வருடத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் பேசுவீர்கள்.

உன் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்ன அன்று நானும் கூட இருந்தேன். அந்த இளம் டாக்டர் உன்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார். சிகிச்சை தந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்றார். எங்கேயாவது பயணம் போக நினைத்தால் இப்போதே போங்கள் என்றும் சொன்னார். வெளியே வந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, "நீயும் வருகிறாயா?" என்று கேட்டாய். எங்கே என்று நான் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் உன் பெட்டியைத் தூக்கிய என் மனிசன் திகைத்துப்போனார். "ஒரு கிழமைக்குப் போறவைக்கு இவ்வளவு பாரமோ?" என்று என் காதுக்குள் கேட்டார். தங்கைக்குச் சாமான் கொண்டுபோகிறாய் என்று நான் நினைத்தேன். சந்தன்நகரில் நீ அதைத் திறந்தபோதுதான் கண்டேன். உன் தேநீர்க் குவளை, அம்மா அப்பாவின் படம், வீட்டுச் செருப்பு, நல்ல சேலைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. எசனில் நீ எதையும் மிச்சம் வைத்துவிட்டு வரவில்லை.

அது தை மாதம். காலையில் ஆறு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். கரையோர நடைபாதையில் வயதானவர்கள் காதையும் கழுத்தையும் மூடிய கம்பளித் தொப்பிகளோடு விறுவிறு என்று நடந்தார்கள். எசன் குளிரில் கழுத்துத் துணிகூட இல்லாமல் திரிந்த நீ, அவர்களைப் பார்த்துவிட்டு உன் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டாய். மண் கோப்பையில் தேநீர் விற்றவரிடம் உன் மொழியில் நீ கலகலவென்று பேசினாய். நீ அவ்வளவு வேகமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. ஜேர்மனில் நீ மெதுவான பெண். அங்கே நீ வாயாடி. அவர் எதையோ கேட்க, உன் முகம் மாறியது.

"என்ன கேட்டார்?"

"எந்த ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்."

"இந்த ஊர்தான் என்று சொல்லவில்லையா?"

"சொன்னேன். சந்தோஷம், எத்தனை நாள் நிற்பீர்கள் என்கிறார்."

உன் தங்கை கெட்டவள் அல்ல. இதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன். வாசலில் உன்னைக் கண்டதும், "திதி!" என்று கத்தி, உன் எலும்பு துருத்திய தோள்களைத் தடவித் தடவி அழுதாள். அக்காவை அங்கே திதி என்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடுகு அரைத்துப் போட்ட மீனை வாழையிலையில் சுற்றி அவித்துத் தந்தாள். முள் நிறைந்த மீன் அது. உன் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டு உன் தட்டில் வைத்தாள். நீ இரண்டு வாய்தான் உண்டாய். மிச்சத்தை அவள் மூடிவைத்துவிட்டு, பின்னேரம் மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

ஆனால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்கு முதல் நாளே பட்டது. சுவர்களில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் வெளிறிக் கிடந்தன. மேல்மாடி அறைகளில் கதவுகளே இல்லை. கழற்றி, முற்றத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். நீ அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாய். ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். தங்கை தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சுளைகளில் இருந்து வெள்ளை நாரை இழுத்து எடுத்து உன் கையில் வைப்பாள், நீ அதை எனக்குத் தருவாய். அப்போது நீ அவளிடம் ஏதோ சொன்னாய். சின்ன வசனம்தான். அவளுடைய விரல்கள் நின்றுவிட்டன. தோலைத் திரும்பச் சேர்த்துப் பழத்தை மூடுவதுபோல அதைப் பொத்திப் பிடித்தாள். பிறகு நீளமாகப் பேசினாள். பேசப் பேச அழுதாள். கையால் கீழே வீட்டைக் காட்டினாள், ஆற்றைக் காட்டினாள், தொலைபேசியில் மகனின் படத்தைக் காட்டினாள். நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய்.

அவள் கீழே போன பிறகு நீ எனக்கு ஜேர்மனில் சொன்னாய்.

"ஜேர்மனியில் ஆஸ்பத்திரிகள் நல்லவை என்கிறாள்."

அவ்வளவுதான் சொன்னாய். மிச்சத்தை ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். வீட்டை ஒரு கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். சித்திரைக்குள் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவார்கள். தங்கையும் புருஷனும் பெங்களூரில் மகனுடைய சிறிய வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே மருமகளின் தாயும் இருக்கிறாள். தங்கைக்கே படுக்க இடம் கூடத்தில்தான்.

"இங்கே ஒரு அறை வாடகைக்கு எடுத்தால் என்ன?" என்று நான் கேட்டேன்.

"எடுக்கலாம். யார் எனக்குத் தண்ணீர் தருவது? அந்தத் தேநீர்க்காரரா?"

கடைசி நாள், அக்கரைக்குப் போகும் படகில் ஏற வேண்டும் என்றாய். சைக்கிள்களும் காய்கறிக் கூடைகளுமாகப் படகு நிறைந்திருந்தது. அக்கரையில் சணல் ஆலைகளின் புகைபோக்கிகள் நின்றன. எல்லோரும் இறங்கினார்கள். நாம் இறங்கவில்லை. அதே படகில் திரும்பினோம். நடு ஆற்றில் வரும்போது உன் ஊர் முழுதாகத் தெரிந்தது. மரங்கள், தூண்கள், மாதா கோவில் கோபுரம் எல்லாம் தெரிந்தன. நீ அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய்.

"ஓய்வூதியம் வந்ததும் ஊருக்குப் போய் வீடு கட்டப்போகிறோம் என்பாயே. உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?"

எங்கள் காணி பல வருடம் இராணுவத்திடம் இருந்து, பிறகு விடுபட்டது உனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். அண்ணன் கனடாவில். தங்கச்சி லண்டனில். பக்கத்துக் காணிக்காரர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"கிணறு இருக்கிறது" என்றேன்.

நீ சிரித்தாய். அந்தப் பயணத்திலேயே உண்மையாகச் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு வயிற்றைப் பிடிக்க, கம்பியைப் பற்றிக்கொண்டு குனிந்துவிட்டாய். படகோட்டி வேகத்தைக் குறைத்து, உனக்கு வாந்தி வருகிறதோ என்று பார்த்தார். கரைக்கு வரும்வரை நான் உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த பிறகு என் மனிசன் ஊரில் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை மேசையில் விரித்தார். "சுருட்டி வையுங்கோ, என்னாலை ஏலாது" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எசனுக்கு வந்ததும் நீ எழும்பவே இல்லை. நம் இல்லத்து மேலாளர், பாவம், இரண்டாம் மாடியிலேயே உனக்கு ஒரு அறை ஒதுக்கித் தந்தாள். வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்த அறை. நாம் இருவரும் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி அனுப்பிய அதே அறை. அந்தக் கட்டிலை எப்படி உயர்த்துவது என்று உனக்குத் தெரியும், ஆனால் பொத்தானை அழுத்த விரலில் பலம் இருக்கவில்லை. என் வேலை முடிந்ததும் மேலங்கியைக் கழற்றிவிட்டு, உறவுக்காரியாக உன் பக்கத்தில் வந்து இருப்பேன்.

முதலில் உன்னிடமிருந்து போனது ஜேர்மன். சிறிது சிறிதாகக்கூட இல்லை, ஒரு கிழமைக்குள் முழுவதும் போய்விட்டது. தண்ணீர் என்ற சொல்கூட வரவில்லை. நீ வங்காள மொழியில் பேசினாய். மெதுவாக, கவனமாக, எனக்கு விளங்கும் என்ற நம்பிக்கையோடு பேசினாய். நானும் ஜேர்மனை விட்டுவிட்டேன். உன்னோடு தமிழில் பேசினேன். தலையணையைச் சரிசெய்துகொண்டு, "நோகுதோ? இஞ்சை சாய், நான் பிடிக்கிறன்" என்பேன். குரலாவது கேட்கட்டும் என்று நினைத்தேன்.

கடைசி நாட்களில் நீ ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். கேள்வி என்பது குரலில் தெரிந்தது. கதவைப் பார்ப்பாய், பிறகு என்னைப் பார்ப்பாய். "ஷொபாய் சோலே கேச்சே?" நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வதுபோல, "ஓம், ஓம்" என்பேன். வேறு எதைச் சொல்வது? ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாய். நானும் மறுபடி, "ஓம்."

உன் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் இல்லத்து ஆட்களும் நானும் என் மனிசனும்தான். உங்கள் வழக்கப்படி எரித்தோம். சாம்பலை ஆற்றில் கரைக்க இங்கே சட்டம் இடம்தராது என்றார்கள். நகரத்து மயானத்தில், பெயர்ப்பலகை இல்லாத புல்வெளியில் வைத்தார்கள். எந்த இடத்தில் என்று எனக்குச் சரியாகக் காட்டத் தெரியாது.

அதன் பிறகு பெங்களூருக்குத் தொலைபேசி எடுத்தேன். உன் தங்கையின் மகன் எடுத்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் உன் தங்கை அழுவது கேட்டது. இடித்த வீட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்து வைத்திருப்பதாகவும், அதை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் அவள் சொன்னதாக அவன் சொன்னான். தொலைபேசியை வைக்கப்போகும்போது அந்த வசனம் ஞாபகம் வந்தது. எனக்குப் பாடமாகிவிட்டிருந்தது. அந்த ஓசைகளை அப்படியே சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் தம்பி என்று கேட்டேன்.

அவன் அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

"எல்லோரும் போய்விட்டார்களா என்று கேட்டிருக்கிறார், ஆன்ட்டி."

நான் இப்போதும் அந்த மாடியில்தான் வேலை செய்கிறேன். உன் அறைக்கு வேறொருவர் வந்து, அவரும் போய்விட்டார். விரிப்பை மாற்றும்போது சில நாள் என் வாய் தானாக அந்த வசனத்தைச் சொல்கிறது. உன் மொழியில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நீ கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது தெரிகிறது. பக்கத்திலேயே இருந்துகொண்டு, உன் கையையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நான் ஓம் என்றேன். நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதை வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்து கேட்டு, தமிழில் உனக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான்.