லிங்கம்மாள் மூடிய தறிக்குழி

1948 ஜனவரி 22

நூலுக்கும் துணிக்கும் இருந்த சர்க்கார் விலைக் கண்ட்ரோல் நீங்கிற்றெனப் பத்திரிகையில் கண்டேன். கன்னடம் பேசும் எங்கள் நெசவுத் தெருவில் எழுத்தறிந்த பெண் நான் ஒருத்தியே. ஆதலால் உரக்கப் படித்துப் பொருளும் விரித்துரைத்தேன். அடுத்த வீட்டு லிங்கம்மாள், கணவனை இழந்து ஒற்றைத் தறியால் மகளைக் காப்பவள், கேட்டாள்:

"கார்டுக்கு வர்ற நூலு இனி வராதாக்கா? கையில இருக்குற காசுக்கு ரெண்டு கட்டு வாங்கிப் போட்டுரவா?"

"பொறு. பதுக்கிய சரக்கெல்லாம் வெளியே வரும், விலை தானே இறங்கும்" என்றேன்.

"நீங்க படிச்சவுக. சொன்னாச் சரிதேன்."

அச்சொல் எனக்கு இனித்ததை மறைப்பானேன்?

ஜனவரி 27

விலை ஏறுகிறது. என் கணவர் என்னைக் கேளாமலே நான்கு கட்டு வாங்கிவந்தார். "நூலு கடையிலதான விக்குது, ஒம் பேப்பர்லயா விக்குது?" என்று சிரிப்பு வேறு. லிங்கம்மாளிடம் கூறிவிட வேண்டும்.

ஜனவரி 28

கூறவில்லை.

மார்ச் 9

விலை இரட்டித்தது. லிங்கம்மாள் சேமிப்பில் பாதி வயிற்றுக்குக் கம்பு வாங்கவே கரைந்தது. மீதி ஒரு கட்டுக்கும் போதாது. இன்று எங்கள் வீட்டுத் தறியோசை கேட்டு வந்து நின்றவள், அடுக்கிவைத்த நூலைக் கண்டாள்.

"எப்ப வாங்குனீக?"

"அவர்தாம்…" என்று தொடங்கினேன்.

மே 17

நூலின்றிக் கிடந்த தறிக்குழியில், நெய்பவள் கால்விட்டு அமரும் பள்ளத்தில், தேள் அடைந்து லிங்கம்மாள் மகளைக் கொட்டிவிட்டது. பிள்ளை பிழைத்தாள். தாயோ தறியைக் கழற்றி விற்று, குழியை மண்ணிட்டு மூடிவிட்டாள். நான் சென்றபோது அவ்விடத்தைச் சாணமிட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். "ஏன் மூடுனே? இன்னுங் கொஞ்சம் பொறுத்தா என்ன—" என்று வாயை விட்டேன்.

பொறு! மறுபடியும் அந்தச் சொல்லுதானா வரணும் எனக்கு?

ஆகஸ்ட் 20

கண்ட்ரோல் மீண்டும் வந்தது. அதிகாரி வீடுதோறும் தறி எண்ணினார். ஓடும் தறிக்கு மட்டுமே நூல் கார்டு. லிங்கம்மாள் மெழுகிய தரையைக் காட்டினாள்.

"இருந்துச்சுன்னு எழுத இந்தத் தாள்ல எடமில்லம்மா" என்றார் அவர்.

எங்கள் இரண்டு தறிக்கும் இரண்டு கார்டு.

செப்டம்பர் 3

என் தறியில் அமருமாறு லிங்கம்மாளை அழைத்தேன். "நெய்வதெல்லாம் உனதே. பிழை என்னுடையது" என்றும் கூறினேன். ஏழு மாதம் தாமதித்த வாக்கியம்.

குழியில் இறங்கி அமர்ந்தாள். கால் மிதிப்பலகையைத் தொடவில்லை.

"இது ஒங்க காலுக்கு வெட்டுன குழி. எனக்கு எட்டாது."

நாங்கள் எங்களுக்குள் பேசும் கன்னடத்தை விடுத்து, கடைக்காரரிடம் பேசுவதுபோலத் தமிழில் சொன்னாள்.

"பலகையை உயர்த்தித் தருகிறேன்."

"வேணாம். தாரு சுத்துறேன். என்ன கூலி குடுப்பீக?"

தார் சுற்றும் மற்றவர்க்குத் தருவதைச் சொன்னேன். சரியென்று தலையசைத்து, வாசலோரம் அமர்ந்து, என் நூலை எடுத்து ஊடைக்கான தார்க்குச்சியில் சுற்றத் தொடங்கினாள்.